விபத்து வேறு, காயம் வேறு

குறைபாடுள்ள குழந்தைக் கார் இருக்கைகளும் சட்டம் காட்டும் வழிகளும்: காரைக்கால் மாவட்டக் குரும்பகரத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் காரைக்கால் அம்மையாரைப் பற்றியோ காவிரிப் பாசனத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். இந்த முறை சட்டம் பேசச் சொன்னீர்கள். எந்தச் சட்டம் என்பதை என்னிடமே விட்டுவிட்டீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், குழந்தைகளைக் காரில் உட்கார வைக்கும் தனி இருக்கை. நாம் 'பேபி சீட்' என்று சொல்கிறோமே, அதுதான். அதைச் செய்தவன் சரியாகச் செய்யாததால் ஒரு குழந்தைக்கு அடிபட்டால், பெற்றவர்கள் யாரிடம் கேட்பது, எங்கே கேட்பது, எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

நெல் விளையும் ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் காரைக்காலின் பி.ஒய்-02 எண் போட்ட கார்கள் இப்போது தெருவுக்கு நாலு நிற்கின்றன. சனிக்கிழமை திருநள்ளாற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள். வெளியூர்க் கார்களில் முன்சீட்டில் தாயின் மடியில் குழந்தை உட்கார்ந்து வரும். பாரிஸிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவுக்கு வருகிற சொந்தங்கள் பேரப்பிள்ளைக்கென்று இருக்கை வாங்கி வருகிறார்கள். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடுகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. வாங்கு என்று சட்டம் சொல்கிறது. வாங்கிய பொருள் கைவிட்டால் என்ன செய்வது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மடியே போதும் என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் எதன் மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடல் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுகிற வேகத்தோடு முன்னால் பாயும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த நூறு கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நடந்த விபத்தில், முன்சீட்டில் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தை காற்றுப்பை விரிந்து இறந்தது. அடுத்த மாதமே குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கப் போவதாக அங்கே போக்குவரத்து ஆணையர் அறிவித்தார். எதிர்ப்பு வந்ததும் அமைச்சர் அதை நிறுத்திவைத்தார். 194-பி மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

இரண்டு கேள்விகள்

நம் பக்கம் விபத்து என்றால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "யார் மேல தப்பு?" லாரிக்காரர் மேலா, பைக்கில் வந்தவர் மேலா, குறுக்கே ஓடிய மாட்டின் மேலா என்று பேசி முடித்துவிடுவோம். காவல் நிலையத்தில் எழுதும் முதல் தகவல் அறிக்கையும் அதோடு நின்றுவிடும். இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை: "அடி ஏன் இவ்வளவு பலமாகப் பட்டது?"

பெல்ட் போட்டிருந்த அப்பாவுக்குத் தோளில் சிராய்ப்பு, அம்மாவுக்குக் கையில் வீக்கம், இருக்கையில் கட்டியிருந்த குழந்தைக்கு மட்டும் தலையில் பலத்த அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதலுக்குக் காரணம் லாரி. ஆனால் குழந்தைக்கு அவ்வளவு அடி பட்டதற்குக் காரணம், மோதிய கணத்தில் கழன்றுகொண்ட ஒரு பக்கிளாக இருக்கலாம். தையல் விட்டுப்போன வாராக இருக்கலாம். விரிசல் விட்ட பிளாஸ்டிக் ஓடாக இருக்கலாம். விபத்து வேறு, காயம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிச் சட்டம் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஒரு கார் ஓட்டுநர், மோதலின்போது ஸ்டீயரிங் தண்டு பின்னால் வந்து தலையில் குத்தியது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார். மோதுவதற்காகவா கார் செய்கிறோம் என்று கேட்டது நிறுவனம். கார்கள் மோதும் என்பது யாருக்கும் தெரிந்த சங்கதி, அதை எண்ணித்தான் வடிவமைக்க வேண்டும் என்று 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணக் காருக்கே இந்த நீதி என்றால், மோதலுக்கென்றே செய்து விற்கிற குழந்தை இருக்கைக்கு வேறு நீதி இருக்க முடியாது.

நம் மண்ணுக்கு நெருக்கமான இன்னொரு தீர்ப்பும் உண்டு. பிரான்சில் 1925-இல் சாலையைக் கடந்த ஒரு சிறுமியை லாரி இடித்தது. ஜாந்தேர் வழக்கு என்று பெயர். 1930 பிப்ரவரி 13 அன்று பிரெஞ்சு உச்ச நீதிமன்றத்தின் கூட்டு அமர்வு தீர்ப்பளித்தது: ஒரு பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அது செய்த தீங்குக்குப் பொறுப்பு, 'நான் தவறு செய்யவில்லை' என்று காட்டினால் மட்டும் தப்ப முடியாது. அன்றைக்குக் காரைக்காலும் குரும்பகரமும் அதே பிரெஞ்சு சிவில் சட்டநூலின் கீழ்தான் இருந்தன. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்து, 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு முழுமையாகி, இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கே நீட்டிக்கப்பட்டன. பொருளைச் செய்தவனின் அலட்சியத்தைத் தேடி அலைய வேண்டாம், பொருளின் குறையைக் காட்டினால் போதும் என்ற கருத்து இந்தியச் சட்டத்தில் தனி அத்தியாயமாக எழுதப்பட 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சட்டம் சொல்லும் ஐந்து குறைகள்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலையில். அதன் ஆறாவது அத்தியாயம், 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பைப் பேசுகிறது. 1986-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இப்படி ஓர் அத்தியாயமே கிடையாது.

உற்பத்தியாளர் எப்போது பொறுப்பாவார் என்பதற்கு 84-ஆவது பிரிவு ஐந்து நிலைகளைச் சொல்கிறது. ஒன்று, தயாரிப்பில் குறை. இரண்டு, வடிவமைப்பிலேயே குறை. மூன்று, தானே வகுத்த தயாரிப்பு அளவுகளிலிருந்து விலகியது. நான்கு, வெளிப்படையாகக் கொடுத்த உறுதிமொழிக்கு ஒத்துவராதது. ஐந்து, சரியாகப் பயன்படுத்தும் முறையையும் தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையும் போதுமான அளவு எழுதித் தராதது. இந்த ஐந்தில் எதிலும் 'அலட்சியமாக இருந்தார் என்று நிரூபி' என்ற நிபந்தனை இல்லை. உறுதிமொழி விஷயத்தில், தான் அலட்சியமாக இல்லை என்று உற்பத்தியாளர் நிரூபித்தாலும் பொறுப்பு போகாது என்று சட்டமே சொல்லிவிட்டது.

இவற்றில் சில வெளிநாட்டில் நடந்திருக்கின்றன. கிராக்கோ நிறுவனத்தின் இருக்கைகளில் பக்கிளுக்குள் பிஸ்கட் தூளும் ஜூஸும் போய் ஒட்டிக்கொண்டு, அவசரத்தில் குழந்தையை அவிழ்க்க முடியாமல் போனது. 2014-இல் ஏறத்தாழ 60 லட்சம் இருக்கைகள் திரும்ப அழைக்கப்பட்டன. குறை தெரிந்தும் காலத்தில் சொல்லவில்லை என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2015-இல் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி டாலர் தண்டம் விதித்தது. குழந்தை சாப்பிட்டுக்கொண்டே வரும், சிந்தும் என்பது வடிவமைப்பாளருக்குத் தெரியாதா? இது வடிவமைப்புக் குறை.

ஈவன்ஃப்ளோ நிறுவனம் தன் பூஸ்டர் இருக்கையைப் 'பக்கவாட்டு மோதலுக்குச் சோதிக்கப்பட்டது' என்று விளம்பரம் செய்தது. அந்தச் சோதனையில் பொம்மைகளின் தலையும் உடலும் பட்டையைவிட்டு வெளியே போன படங்கள் 2020 பிப்ரவரியில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வழியாக வெளிவந்தன. அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழுவும் அதே ஆண்டு விசாரித்து அறிக்கை தந்தது. அட்டைப்பெட்டியில் அச்சிட்ட ஒரு வரி எப்போது உறுதிமொழியாகிறது என்பதற்கு இது பாடம்.

டெக்சாஸில் 2016-இல் டோரல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், 20 மாதக் குழந்தையை முன்பார்த்த இருக்கையில் வைப்பதன் ஆபத்தைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை என்று கண்ட ஜூரி, 3 கோடியே 44 லட்சம் டாலர் தரச் சொன்னது. அங்கே ஜூரி உண்டு, தொகைகளும் பெரிது. இங்கே அந்த அளவில் எதிர்பார்க்க வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது தொகையை அல்ல, அந்தக் கோணத்தை. பச்சைக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து இன்னும் முற்றவில்லை. அதனால்தான் ஐரோப்பிய விதி 129, குறைந்தது 15 மாதம் வரை பின்பார்த்து உட்கார வைக்கச் சொல்கிறது. இதைச் சொல்லாத கையேடு குறையுள்ள கையேடு.

இங்கே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். இந்தியாவில் விற்கும் இருக்கையின் கையேடு ஆங்கிலத்திலோ சீனத்திலோ மட்டும் இருக்கிறது. நெடுங்காட்டுக் கடைத்தெருவில் அதை வாங்கும் தாய்க்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். அது 'போதுமான' அறிவுறுத்தலா? சட்டத்தில் இதற்கு நேரடி விடை எழுதப்படவில்லை. ஆனால் வாதம் வைக்க இடம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் வைக்க வேண்டும்.

விற்றவர் எப்போது மாட்டுவார்?

86-ஆவது பிரிவு விற்பனையாளரைப் பற்றியது. இறக்குமதி செய்பவரும் சட்டத்தின் பார்வையில் விற்பனையாளரே. பொருளைத் தானே மாற்றியமைத்தால், தானாகத் தனி உறுதிமொழி கொடுத்தால், பொருத்திக் கொடுக்கும்போது கவனமில்லாமல் பொருத்தினால், உற்பத்தியாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சொல்லாமல் விட்டால் அவர் பொறுப்பு. கடைப் பையன் "நானே மாட்டித் தரேன் அக்கா" என்று பெல்ட்டைத் தவறான துளையில் நுழைத்து மாட்டிவிட்டுப் போனால், அந்தக் கடைக்காரர் கைகழுவ முடியாது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பொருளைச் செய்தவர் யாரென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியவில்லை, அல்லது உத்தரவை அவர்மேல் நிறைவேற்ற முடியாது என்றால், விற்றவரே பொறுப்பு. பெயர் தெரியாத கம்பெனியின் இருக்கை 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதற்கான பிரிவு இது.

பெற்றோர் பக்கமும் ஓர் எச்சரிக்கை. தவறாகப் பயன்படுத்தியோ, அறுத்துத் தைத்தோ, மாற்றியோ இருந்தால் விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது என்கிறது 87-ஆவது பிரிவு. இருக்கைக்கு அடியில் தலையணை போடுவது, வெயிலுக்கென்று தடித்த மெத்தை உறை மாட்டுவது, ஒரு முறை விபத்தில் சிக்கிய இருக்கையையே மறுபடி மாட்டுவது எல்லாம் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு நாமே எடுத்துக் கொடுக்கும் ஆயுதம்.

காற்றுப்பை வழக்கு

நம் நாட்டு உதாரணத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 20-இல் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் வழங்கிய தீர்ப்பு, காரின் பாதுகாப்புச் சாதனம் கைவிட்டால் என்ன என்பதைத் தெளிவாகச் சொல்கிறது. 2015-இல் வாங்கிய கிரெட்டா கார், 2017 நவம்பரில் டெல்லி–பானிப்பட் சாலையில் விபத்துக்குள்ளானது. முன்புறக் காற்றுப்பைகள் விரியவில்லை. ஓட்டியவருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். காற்றுப்பை விரியும் அளவுக்கு மோதல் பலமாக இல்லை என்று நிறுவனம் வாதிட்டது.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் இயற்பியல் நிபுணராக வாங்குபவர் இருக்க வேண்டியதில்லை என்றது. பாதுகாப்புக்கென்று சொல்லி விற்ற சாதனம், முன்னால் மோதியபோது வேலை செய்யவில்லை. நடந்ததே குறையைப் பேசுகிறது என்றது. கார் மாற்றித் தரவும், மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சமும், மன உளைச்சலுக்கு 50,000-மும், வழக்குச் செலவுக்கு 50,000-மும் கொடுக்கவும் டெல்லி மாநில ஆணையம் போட்ட உத்தரவு நின்றது. இப்படிப்பட்ட குறைக்கு மற்றவர்க்கும் பாடமாகும் வகையில் தண்ட இழப்பீடு விதிக்கலாம், நிறுவனத்தின் பொருள்வலிமையையும் அப்போது பார்க்கலாம் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள்.

அந்த வழக்கு பழைய சட்டத்தின் கீழ் வந்தது. அதிலேயே இந்த அளவுக்குப் போக முடிந்தது என்றால், ஐந்து குறைகளையும் வரிசையாக எழுதி வைத்திருக்கும் புதிய சட்டத்தின் கீழ் குழந்தை இருக்கை வழக்கு இன்னும் உறுதியாக நிற்கும். காற்றுப்பையும் குழந்தை இருக்கையும் ஒரே வேலைக்கென்று விற்கப்படுபவை.

எங்கே போடுவது, என்ன செலவாகும்?

கம்பெனி குருகிராமில் இருக்கிறது, சென்னையில் இருக்கிறது, நாம் எங்கே போவது என்று மலைக்க வேண்டாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம் என்கிறது 34-ஆவது பிரிவு. குரும்பகரத்தில் வசிப்பவர் கம்பெனியின் ஊர் தேடிப் போக வேண்டியதில்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

எந்த ஆணையம் என்பது கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. பொருளுக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 2021 டிசம்பர் விதிப்படி விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 12,000 ரூபாய் இருக்கைக்காக எத்தனை லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஏறத்தாழ 31 லட்சத்துக்கு வாங்கிய கார் தீப்பிடித்துக் கணவரை இழந்த ஒரு பெண் 50 கோடிக்கு மேல் கேட்ட வழக்கில், விலையை வைத்துப் பார்க்கும் இந்த முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் உறுதி செய்தது. பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை.

குழந்தை பொருளை வாங்கவில்லையே என்ற சந்தேகம் வரும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. நுகர்வோர் சிறுவராக இருந்தால் பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ புகார் தரலாம். மாமா வாங்கிக் கொடுத்த இருக்கை என்றாலும் இது பொருந்தும்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு என்றால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 6-ஆவது பிரிவில், சிறுவர் வயதுக்கு வந்தபின் தொடுக்க இடம் கொடுக்கிறது. அந்தக் கதவும் திறந்திருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். பதினைந்து வருடம் கழித்து எந்தப் பக்கிளைக் கொண்டுபோய்க் காட்டுவீர்கள்?

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. காயம்பட்டது குழந்தை, ஆகவே வீட்டில் மாடி இருக்கிறதா, கார் இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது. தொலைபேசி எண் 15100.

முதல் சாட்சி

இனி நான் சொல்லப்போவதுதான் நடைமுறையில் வழக்கை நிலைநிறுத்துவதும் கவிழ்ப்பதும். விபத்தில் குழந்தைக்கு அடிபட்ட வீட்டில் அந்த இருக்கையைப் பார்க்கவே யாருக்கும் மனம் வராது. ஒன்று, காரோடு சேர்த்து ஒர்க்ஷாப்பில் கிடக்கும். இல்லை, யாரோ ஒருவர் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவார். அதோடு வழக்கின் முதல் சாட்சி போய்விடும்.

செய்ய வேண்டியது இது. இருக்கை காரில் மாட்டியிருந்த நிலையிலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். வார் எந்தத் துளை வழியாகப் போகிறது, பக்கிள் பூட்டியிருக்கிறதா, வார் அறுந்ததா, தையல் பிரிந்ததா, மருத்துவமனையில் கத்தரித்தார்களா என்பது படத்தில் தெரிய வேண்டும். இருக்கையைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுங்கள். மாடல் எண், தொகுதி எண், தயாரித்த மாதம், இந்தியத் தரமான ஏ.ஐ.எஸ்-072 அல்லது ஐரோப்பிய முத்திரை இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே இருக்கும். ரத்தக்கறை இருந்தாலும் கழுவ வேண்டாம். சாக்கில் கட்டி, தேதி எழுதி, இரண்டு பேர் கையெழுத்து வாங்கி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பில், பெட்டி, கையேடு, வாரண்டி கார்டு, ஆர்டர் போட்ட பக்கத்தின் படம், எதையும் எறியாதீர்கள்.

கம்பெனியிலிருந்து அன்பாக ஒரு போன் வரும்: "பழசைக் கொடுத்துடுங்க சார், புதுசு அனுப்புறோம்." கொடுக்காதீர்கள். கண்ணால் பார்த்துத் தெரியாத குறை என்றால், ஆணையமே பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும். ஆய்வுக் கட்டணத்தைப் புகார்தாரர் கட்டச் சொல்வார்கள். பொருள் உங்கள் கையில் இருந்தால்தான் அந்த வழி.

மருத்துவ ஆவணங்களும் நம் பக்கம் சிதறிப்போகும். முதலில் காரைக்கால் அரசு மருத்துவமனை, பிறகு தஞ்சாவூர், அல்லது புதுச்சேரி ஜிப்மர் என்று குழந்தை மூன்று இடம் போயிருக்கும். ஒவ்வோர் இடத்திலும் அனுமதிச் சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கிவிடுங்கள். குழந்தை இருக்கையில் கட்டப்பட்டிருந்தது என்ற ஒரு வரியை மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பின்னால் 'மடியில்தான் வைத்திருந்தார்கள்' என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அந்த ஒரு வரி காப்பாற்றும்.

இன்னொரு கதவு

லாரி ஓட்டுநரின் தவறுக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல்: வண்டி பத்து நிமிடம் ஓடினால் புதுச்சேரி எல்லை முடிந்து தமிழ்நாடு வந்துவிடுகிறது. விபத்து மயிலாடுதுறை மாவட்டத்தில் நடந்து, வழக்கு அங்குள்ள காவல் நிலையத்தில் பதிவாகியிருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்படி மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனுப் போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பது 2019 திருத்தம் வைத்த கெடு. யார் தவறு என்று பார்க்காமலே பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சமும் மரணத்துக்கு ஐந்து லட்சமும் தரும் 164-ஆவது பிரிவும் உண்டு.

குழந்தைக்கு வருமானம் இல்லையே என்று குறைத்துக் கணக்கிடும் பழக்கத்தை உச்ச நீதிமன்றம் ஏற்பதில்லை. முழு ஊனமான 12 வயதுச் சிறுமிக்கு, தொழில் தெரிந்த தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வைத்து, வாழ்நாள் முழுக்கத் துணைக்கு ஆள் வைக்கும் செலவையும் சேர்த்து, 2020-இல் 62 லட்சத்துக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது.

தீர்ப்பாயத்துக்குப் போனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கூடாது என்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றச் சட்டங்களோடு கூடுதலாக இருப்பது என்று அதன் 100-ஆவது பிரிவு சொல்கிறது. மோதலுக்குப் பொறுப்பானவர் ஒருவர், காயத்தைப் பெரிதாக்கியவர் இன்னொருவர். ஒரே மருத்துவ பில்லுக்கு இரண்டு இடத்திலும் பணம் வாங்க முடியாது. அதை மனுவிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

ஓட்டியது அப்பாவே என்றால்? தூக்கக் கலக்கத்தில் அவரே புளியமரத்தில் மோதியிருந்தால்? மோதலுக்கு அவர் பொறுப்பு. கழன்றுகொண்ட பக்கிளுக்கு அதைச் செய்தவர் பொறுப்பு. 'நாமே மோதிவிட்டோம், இனி யாரைக் கேட்பது' என்று குற்ற உணர்ச்சியில் வாய் மூடிக்கொள்ளும் பெற்றோர், பிள்ளையின் உரிமையைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள்.

பாரிஸிலிருந்து வந்த இருக்கை

காரைக்காலில் இதைச் சொல்லாமல் போக முடியாது. பிரான்சிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த இருக்கையில் குறை இருந்தால்? அந்த நிறுவனத்துக்கு இந்தியாவில் கிளை இருந்தால் வழி எளிது. இல்லையென்றால் அந்நாட்டுச் சட்டம். பிரெஞ்சு சிவில் சட்டநூலின் 1245-ஆவது பிரிவு முதல், குறைபாடுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு. அலட்சியத்தை நிரூபிக்க வேண்டாம். தீங்கு தெரிந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். பொருள் சந்தைக்கு வந்து பத்து ஆண்டானால் பொறுப்பு முடியும். இதற்கு அங்கே வாங்கிய பில் வேண்டும். அன்பளிப்புக்கு பில் கேட்பது நம்மில் மரியாதைக் குறைவு. இந்த ஒரு பொருளுக்கு மட்டும் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

அங்கே குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 1985 ஜூலை 5-ஆம் நாளின் பாதந்த்தேர் சட்டப்படி, வாகன விபத்தில் அடிபட்ட 16 வயதுக்குக் குறைந்தவரின் தவறைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது.

ஸ்கூட்டியில் நிற்கும் பிள்ளை

கார் இல்லாத வீடுகளே நம்மில் அதிகம். 2022 பிப்ரவரியில் வெளியாகி ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதி, நாலு வயதுக்குக் குறைந்த குழந்தையை இருசக்கர வாகனத்தில் ஏற்றினால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. வார் 30 கிலோ வரை தாங்க வேண்டும். அந்த வாரின் கிளிப் உடைந்தாலும், ஸ்கூட்டியின் முன்னால் மாட்டும் சின்ன நாற்காலியின் ஆணி கழன்றாலும், இதுவரை சொன்ன அதே 84, 86 பிரிவுகள்தான்.

ஊருக்கான வேலை

ஒரு தயாரிப்புத் தொகுதியில் பக்கிள் கெட்டால் ஆயிரம் வீட்டுக்கு அது போயிருக்கும். இழப்பீடு ஒரு வீட்டுக்கு. திரும்ப அழைக்கும் உத்தரவு எல்லா வீட்டுக்கும். கார்களைத் திரும்ப அழைக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு உண்டு. தனியாக விற்கும் குழந்தை இருக்கைக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் அந்த அதிகாரம் இருக்கிறது. அது சும்மா இருக்கும் அதிகாரமும் அல்ல. தர முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்க விட்டதற்காக 2022-இல் அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் விதித்து, வாங்கிய 2,265 பேருக்குத் தகவல் சொல்லி, குக்கரைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. 2023 மே மாதம், சீட் பெல்ட் போடாமலே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப்புகளை ஐந்து ஆன்லைன் நிறுவனங்களிலிருந்து நீக்கச் சொன்னது. 13,118 விளம்பரப் பக்கங்கள் எடுக்கப்பட்டன. குக்கருக்கும் கிளிப்புக்கும் நடந்தது குழந்தை இருக்கைக்கு நடக்கக் கூடாது என்று இல்லை. கேட்க ஆள் வேண்டும். 17-ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே இந்தப் புகாரை எழுதிக் கொடுக்கலாம். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் சேர்ந்து ஒரே புகாராகவும் போடலாம்.

பெரியோர்களே, தாய்மார்களே, நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான். வாங்கும்போது பில் இல்லாமலும் தர முத்திரை இல்லாமலும் வாங்காதீர்கள். அடிபட்டால், இருக்கையை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். விதி என்று விட்டுவிடாமல் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும், இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்கும் போய்விடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த இரண்டு எண்களையும் பள்ளிச் சுவரிலும் அங்கன்வாடி வாசலிலும் எழுதி வைக்க இந்த அறக்கட்டளை முன்வர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.